பழி க்ளோஷருக்கு, பிடி டைமருக்கு

காலையில திறந்த டாஷ்போர்டு சாயங்காலம் ஆனா திணறுதுன்னு புகார் வந்தா, நம்ம ஆளுங்க முதல்ல ஜாவாஸ்கிரிப்ட் க்ளோஷர் மேலதான் பழியைப் போடுவாங்க. க்ளோஷர்ங்கிறது தான் தொட்ட வெளி வேரியபிள்களைக் கூடவே வெச்சுக்கிற ஃபங்ஷன், அது பாவங்க. அதைப் போகவிடாம பிடிச்சு வெச்சிருக்கிறது யாருன்னு பாருங்க. பல சமயம் ஒரு செட்இன்டர்வெல்தான்.

செட்டைம்அவுட் ஒரு தடவை ஓடிட்டா பிரவுசர் அந்த ஃபங்ஷனை விட்டுடும். வேற யாரும் பிடிச்சு வைக்கலேன்னா கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கிட்டுப் போயிடும். செட்இன்டர்வெல் அப்படி இல்ல. நீங்க கிளியர்இன்டர்வெல் கூப்பிடணும், இல்ல அந்தப் பக்கத்தையே மூடணும். அதுவரைக்கும் ஃபங்ஷனும் இருக்கும், அது தொட்ட வெளி வேரியபிள்களும் இருக்கும். 50,000 வரிசை உள்ள ஒரு அர்ரேன்னு வெச்சுக்கோங்க. டைமருக்குள்ள நீங்க கேட்டது அதோட லெங்த் மட்டும்தான். ஆனா தங்குறது முழு அர்ரே. லெங்த்தை வெளியிலயே தனியா எடுத்து வெச்சுக்கிட்டு, உள்ள அந்த எண்ணை மட்டும் பயன்படுத்துங்க.

அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. குரோம்லயும் நோடுலயும் ஓடுற வி8 என்ஜின், ஒரே ஸ்கோப்ல உருவான க்ளோஷர்களுக்கெல்லாம் சேர்த்து வெளி வேரியபிள்களை வைக்க ஒரே கான்டெக்ஸ்ட்தான் வைக்கும். கூட்டுப் பட்டா மாதிரி. பக்கத்துல எழுதின இன்னொரு ஃபங்ஷன் அந்த அர்ரேயைத் தொட்டிருந்தா, டைமர் தொடாட்டியும் அர்ரே நகராது. அந்தப் பக்கத்து ஃபங்ஷனை யாருமே கூப்பிடலேன்னாலும் இதே கதைதான்! 2013ல மீட்டியோர்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்ல இப்படி ஒரு மெமரி லீக் பிடிபட்டது. நொடிக்கு ஒரு தடவை ஓடுற டைமர். ஒவ்வொரு புதுப் பொருளும் முந்தினதைப் பிடிச்சுக்கிட்டு சங்கிலியா நீண்டுக்கிட்டே போகும். வேலை முடிஞ்சதும் முந்தின பொருளை வெச்சிருக்கிற வேரியபிள்ல நல் போட்டா சங்கிலி அறுந்துடும்.

ரியாக்ட்காரங்க, யூஸ்எஃபெக்ட்ல டைமர் வெச்சா அங்கேயே கிளியர் பண்ற ஃபங்ஷனையும் ரிட்டர்ன் பண்ணிடுங்க. டேப் பின்னால போனா குரோம் டைமரை மெதுவாக்கும், சரி. ஆனா அது பிடிச்சிருக்கிற மெமரியை விடுவிக்காது.

சந்தேகமா இருந்தா டெவ்டூல்ஸ்ல மெமரி டேபுக்குப் போங்க. ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் எடுங்க. சந்தேகப்படுற ஸ்கிரீனுக்கு நாலஞ்சு தடவை போய் வாங்க, இன்னொண்ணு எடுத்து கம்பேரிசன்ல வைங்க. கூடிப்போன பொருளைக் கிளிக் பண்ணா கீழ ரீட்டெய்னர்ஸ்னு ஒரு பட்டியல் வரும். அதுல கான்டெக்ஸ்ட்னு ஒரு வரி தெரிஞ்சா, அது எந்த ஃபங்ஷனோடதுன்னு பார்த்து நேரா அந்த ஃபைலைத் திறங்க.