மௌனமும் சம்மதமும்: தொலைத்தொடர்பு நியமங்கள் உருவாகும் விதம்



கொழும்பிலிருந்து ஒருவர் இலண்டனிலுள்ள தம் மகனோடு தொலைபேசியிற் பேசுகின்றார். இரு முனைகளிலும் உள்ள கருவிகள் வெவ்வேறு நாடுகளிற் செய்யப்பட்டவை. வெவ்வேறு கம்பனிகளின் கம்பிகளோடு இணைக்கப்பட்டவை. ஆயினும் குரல் தடையின்றிச் செல்கின்றது. இது தானாக நிகழ்வதன்று. பலர் கூடிப் பேசி இணங்கியதால் நிகழ்வது. அவ்விணக்கம் எவ்வாறு உண்டாகின்றது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இணக்கம் இல்லாத காலமும் இருந்தது. 1850களில், பிரான்சின் எல்லையிலுள்ள ஸ்ட்ராஸ்பேர்க் நகரத்துத் தந்தி நிலையத்திலே ஒரு மேசை. அதன் ஒருபுறம் பிரெஞ்சு ஊழியர். மறுபுறம் பாடன் நாட்டு ஊழியர். பாரிசிலிருந்து வந்த தந்தியை முன்னவர் கையால் எழுதி மேசைக்கு மேலாக நீட்டுவார். பின்னவர் அதனை ஜேர்மன் மொழியிற் பெயர்த்துத் தம் நாட்டுக் கம்பியில் அனுப்புவார். பாரிசிலிருந்து நொடிப் பொழுதில் வந்த செய்தி, ஒரு மேசையின் அகலத்தைக் கடக்கக் காத்து நின்றது! இத்தகைய இடர்களைக் களையவே 1865 மே 17 அன்று 20 நாடுகள் பாரிசில் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. அன்று தோன்றிய ஒன்றியமே இன்று ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். 194 நாடுகள் அதில் அங்கத்துவம் வகிக்கின்றன.

இவ்வொன்றியம் வெளியிடும் தொழில்நுட்ப நியமங்களுக்கு விதந்துரைகள் என்று பெயர். பெயரைக் கவனியுங்கள். அவை கட்டளைகள் அல்ல. மீறிய நாட்டைத் தண்டிக்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் ஊரெல்லாம் ஒரு படியால் அளக்கும்போது தனிப் படி வைத்திருப்பவனிடம் எவர் நெல் வாங்குவார்? விதந்துரைகளின் வலிமை அவ்வளவே. அதுவே போதியதாகவும் இருக்கின்றது.

வேலை ஒரு வினாவிலிருந்து தொடங்குகின்றது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பேரவை, எவ்வெவற்றை ஆராய வேண்டும் என்பதை வகுத்து ஆய்வுக் குழுக்களிடம் ஒப்படைக்கின்றது. 2024இல் அப்பேரவை புதுதில்லியிற் கூடிற்று. குழுக்களில் அரசாங்கப் பிரதிநிதிகள் மாத்திரமன்றிக் கம்பனிகளின் பொறியியலாளரும் அமர்கின்றனர். எழுத்து மூலம் முன்மொழிவுகள் வருகின்றன, வாதம் நிகழ்கின்றது, வரைவு திருத்தப்படுகின்றது. வாக்கெடுத்துப் பெரும்பான்மையால் முடிப்பதை இவர்கள் விரும்புவதில்லை. தோற்ற பக்கத்தார் தம் ஊருக்குத் திரும்பித் தம் வழியிலேயே கருவி செய்வாராயின் வெற்றியால் யாது பயன்?

இணக்கத்திற்கு ஒரு விலையும் உண்டு. 1980களின் இறுதியில், குரலையும் தரவையும் படத்தையும் ஒரே வலையமைப்பிற் சிறு சிறு பொதிகளாக அனுப்பும் முறையொன்று ஆராயப்பட்டது. ஒரு பொதியில் எத்தனை பைட் செய்தி இருக்க வேண்டும்? ஐரோப்பியர், அவருள்ளும் பிரெஞ்சுக்காரர், 32 என்றனர். அமெரிக்கர் 64 என்றனர். சாதாரணத் தொலைபேசிக் குரல் ஒரு செக்கனுக்கு 8,000 பைட் ஆகும். ஆகவே 64 பைட் நிரம்பும்வரை பொதி 8 மில்லிசெக்கன் காத்திருக்கும்; 32 என்றால் 4 மாத்திரமே. தாமதம் மிகுந்தாற் பேசுவோர் காதில் எதிரொலி கேட்கும். அதை நீக்கத் தனிக் கருவி வேண்டும். பரந்த தேசமாகிய அமெரிக்காவில் அக்கருவிகள் முன்னரே இருந்தன. பிரான்சிற்கோ அவை புதுச் செலவு. மறுபுறத்தில், ஒவ்வொரு பொதிக்கும் முகவரித் தலைப்பு வேண்டுமாதலால், பொதி சிறுத்தால் தலைப்புகளே வழியை அடைத்துக்கொள்ளும். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. 1989இல் ஜெனீவாவில் முடிவு கண்டனர்: 48. முப்பத்திரண்டுக்கும் அறுபத்துநான்குக்கும் சரி நடு! தலைப்பின் 5 பைட்டையும் கூட்ட 53 ஆயிற்று. எந்தப் பொறியியற் கணக்கிலும் விடையாக வராத எண் அது. ஆயினும் பின்னாளில் பல நாடுகளில் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்தபோது, 53 பைட் பொதிகளே அக்கம்பிகளில் ஓடின. அழகற்ற முடிவு என்பேன்; ஆனால் முடிவேயில்லாமற் பிரிந்திருப்பின் ஸ்ட்ராஸ்பேர்க் மேசையைத்தான் மீண்டும் போட்டிருப்பர்.

வரைவு முற்றுப்பெற்றபின் அதனை அங்கீகரிக்க இரு வழிகள் உண்டு. அரசாங்கக் கொள்கையைத் தொடும் விடயங்கள் பழைய வழியிற் செல்கின்றன. தொலைபேசி எண்கள் இவற்றுள் அடங்கும். நம் நாட்டை அழைப்போர் முதலிற் சேர்க்கும் 94 இத்தகைய இணக்கத்தின் பயனே. இவ்வழியில் அங்கத்துவ நாடுகளிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கப்படும். மூன்று மாதமேனும் அவகாசம் உண்டு. மறுமொழி தந்தோருள் நூற்றுக்கு 70 பங்கினர் உடன்பட்டாலே வரைவு மீண்டும் குழுவின் முன் வரும். அங்கே அமர்ந்திருக்கும் நாடுகளுள் ஒன்றேனும் எதிர்த்தால் அது நிறைவேறாது. எதிர்க்கும் நாடு சிறியதா பெரியதா என்று பார்ப்பதில்லை.

மற்றைய தொழில்நுட்ப விடயங்களுக்கு 2000ஆம் ஆண்டின் பேரவைக்குப் பின் விரைவு வழியொன்று வந்தது. முன்பெல்லாம் ஒரு விதந்துரை நான்காண்டுப் பேரவைக்காகக் காத்துக் கிடந்ததுண்டு. இப்போது ஆய்வுக் குழு இசைந்ததும் வரைவு யாவரும் காண வெளியிடப்படுகின்றது. நான்கு வாரம். அதற்குள் எழுத்துப் பிழைக்கு மேற்பட்ட ஆட்சேபம் எதுவும் வராவிடின் அது விதந்துரையாகிவிடும். மிகப் பெரும்பாலானவை இவ்வழியிலேயே நிறைவேறுகின்றன.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்று நம்மவர் கூறுவது இங்கே சட்டமாகவே நிற்கின்றது. செல்வ நாடுகளின் பெருங் கம்பனிகளில் இவ்வரைவுகளை வாசிப்பதற்கென்றே பொறியியலாளர் இருக்கின்றனர். சிறிய நாடொன்றின் திணைக்களத்திலோ, நூறு வேலைகளுக்கிடையே ஒருவர் வாசிக்க வேண்டும். அந்நான்கு வாரத்தில் அவர் விடுமுறையிலும் இருக்கலாம். அவர் வாசித்தாரோ இல்லையோ, அந்த நியமத்திற்கு அமைந்த கருவிகளே ஈராண்டில் அவருடைய நாட்டுக் கப்பல்துறையில் வந்து இறங்கும்.