தொட்டிக்கு மூடி, வீட்டுக்குக் காவல்



கோத்தா கோலா மூடா, சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. லயத்தில் இருந்தபோது குப்பையைக் குழியில் கொட்டினோம். அல்லது தோட்டத்து டிராக்டர் வந்து அள்ளிச் சென்றது. தாமானில் அப்படியில்லை. வாசலில் நிற்கும் தொட்டிக்கு வீட்டுக்காரரே பொறுப்பு.

2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம், 2011 செப்டம்பர் 1 முதல் கெடாவிலும் நடப்பில் உள்ளது. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற விதி 2015 செப்டம்பர் 1இல் வந்தது. பிரிக்காத தரைவீட்டுக்காரருக்கு, 2016 ஜூன் 1 முதல், முதல் தடவை 50 வெள்ளி, இரண்டாம் தடவை 100, மூன்றாம் தடவை 500 என்று அபராதமும் அறிவிக்கப்பட்டது.

விதி எளிமையானது. சோறு, கறி மிச்சம், குழந்தையின் அணையாடை போன்றவை ஒரு பக்கம். தாள், பிளாஸ்டிக், தகரம், கண்ணாடி மறு பக்கம். முதல் வகையை வாரம் இரண்டு நாள் எடுக்க வேண்டும். இரண்டாம் வகையை ஒரு நாள். பொது இடத்துத் தொட்டிகளில் நீலம் தாளுக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும்.

பிரித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. நம்மில் பலர் போத்தல், பால்டின், பழைய டயர் ஆகியவற்றைப் பழைய சாமான் கடைக்குப் போடலாம் என்று வீட்டின் பின்புறம் குவித்து வைக்கிறோம். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒரு மழை பெய்தால் அத்தனையிலும் தண்ணீர் தேங்கிவிடும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது அந்தத் தெளிந்த தண்ணீரைத்தான்.

முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் எடுக்கும் சாமானை ஒரு வாரம் வைக்க மறந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். அந்தக் கொசு நம் வீட்டுப் பிள்ளையை மட்டும் கடிப்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். இதனால்தான் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம், கொசு பெருக இடம் கொடுப்பதையே குற்றமாக்கியிருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, போத்தலையும் டின்னையும் அலசி, வடித்து, கூரைக்கு அடியில் கவிழ்த்து வையுங்கள். தாளைக் கட்டி நனையாமல் வையுங்கள். ஈரத் தாளைக் கடைக்காரரும் வாங்கமாட்டார். குப்பைத் தொட்டியின் மூடி எப்போதும் மூடியிருக்கட்டும். மூடி உடைந்திருந்தால் புகார் செய்யுங்கள். தண்ணீர்த் தோம்பைக் கொட்டினால் மட்டும் போதாது. கொசு முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

குப்பையைக் கொளுத்திவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிளாஸ்டிக் புகை நஞ்சு; திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றமும் ஆகும். கால்வாயில் எறிவதும் வழியல்ல. அது ஆற்றில் சேர்ந்து, கழிமுகத்தில் மீன்பிடிக்கும் நம் அண்டை வீட்டாரின் வலையில்தான் சிக்கும்.

இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிலாளர் குடியிருப்பைச் சுத்தமாக வைக்கும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு என்று 1990ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் சொல்கிறது. குப்பை அள்ளப்படவில்லையென்றால், நாலு வீட்டார் சேர்ந்து ஆபீசில் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். கேட்பது உரிமை. ஆனால் நம் வீட்டுப் பின்புறத்து டின்னைக் கவிழ்த்து வைக்க யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், வீட்டைச் சுற்றி வந்து தண்ணீர் தேங்கிய இடத்தையெல்லாம் எண்ணட்டும். எண்ணிய இடங்களை அன்றைக்கே பெரியவர்கள் காலி செய்யுங்கள். அடுத்த வாரம் அந்த எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும்.