துணி எடுத்து வைத்த தாய்

பெத்லகேம் விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்கிறது லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரம். பிறந்த பாலனை மரியா துணிகளில் பொதிந்தார் என்றும் அதே வசனம் சொல்கிறது. இடம் இல்லை, துணி இருந்தது. நாசரேத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். புறப்படும் முன்பே அந்தத் தாய் அதை எடுத்து வைத்திருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். இறைநம்பிக்கை முன்னேற்பாட்டுக்குப் பகையல்ல.

நம் வீடுகளிலும் எட்டாம் மாதம் முடிவதற்குள் பிரசவப் பை தயாராகட்டும். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார் நகல், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி, தாய்க்கு மாற்றுடை, நாப்கின், ஃபிளாஸ்க். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பதே குழந்தைக்கு நல்லது.

ஆனால் பை கட்டித்தர ஆளில்லாத பெண்களும் நம் நடுவே உண்டு. காதல் திருமணத்தால் தாய்வீட்டுக் கதவு அடைபட்டவர்கள், பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்கள். 'இடமில்லை' என்ற சொல்லை அவர்கள் நம்மிடமும் கேட்க வேண்டுமா? இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் விசாரிப்போம்: நம் தெருவில் யாருக்கு மாதம் நெருங்குகிறது? நள்ளிரவில் 108ஐ அழைத்து, உடன் செல்ல யார் இருக்கிறார்கள்?

எலிசபெத்தை வாழ்த்திய மரியா உடனே திரும்பிவிடவில்லை; ஏறக்குறைய மூன்று மாதம் உடனிருந்தார். அவ்வாறே உடனிருக்கும் மனதை இறைவன் நமக்கும் அருள்வாராக. ஆமென்.