ஜைத்தூன் துறைமுகம் சொல்லும் பாடம்



தென்கிழக்குச் சீனாவில், தைவான் ஜலசந்தியின் கரையில் இருக்கிறது சுவான்சௌ நகரம். 2020 கணக்கெடுப்பின்படி அதன் எல்லைக்குள் சுமார் 88 லட்சம் மக்கள். பின்னால் மலை, முன்னால் கடல், உழுவதற்கு நிலம் குறைவு. ஆகவே அம்மக்கள் கடலையும் கைத்தொழிலையும் நம்பினார்கள். இன்று அந்நகரைச் சேர்ந்த தெஹுவா பீங்கானுக்கும், ஜின்ஜியாங் விளையாட்டுக் காலணிக்கும் பேர் பெற்றவை.

இந்த ஊர்தான் அரபு வணிகர்கள் 'ஜைத்தூன்' என்று அழைத்த துறைமுகம்! அங்கே நிறைந்திருந்த முள்முருங்கை மரத்தின் சீனப் பெயர் 'சித்தோங்'. அதுவே அவர்கள் நாவில் ஜைத்தூன் ஆயிற்று. அலெக்சாந்திரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் ஜைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்று மார்க்கோ போலோ வியந்தார். இப்னு பதூதாவும் இத்துறைமுகத்தின் சிறப்பை எழுதி வைத்தார். ஹிஜ்ரி 400ல், அதாவது 1009ல், எழுந்த பள்ளிவாசலின் கருங்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. தமிழ் வணிகர்களும் அங்கே இருந்தார்கள். சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்லும் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சாட்சி.

செல்வம் வந்தது, அதிகாரமும் வந்தது. கடல் வணிகத்தை மேற்பார்த்த அதிகாரி பூ ஷௌகெங், வெளிநாட்டு முஸ்லிம் வணிகக் குடும்பத்தின் வழிவந்தவர். சோங் அரசு வீழ்ந்தபோது அவர் மங்கோலியர் பக்கம் சேர்ந்தார். வந்தேறிய வணிகர்களுக்கு ஏற்றம்தான். ஆனால் என்ன நடந்தது? 1357ல் பாரசீகப் படையினர் அங்கே ஆயுதம் தூக்கினார்கள். 1366ல் அந்தக் கலகம் ஒடுக்கப்பட்டபோது பழி பாவம் அறியாத வெளிநாட்டாரும் கொல்லப்பட்டார்கள். பிறகு மிங் அரசு கடல் வணிகத்தைத் தடுத்தது, துறைமுகம் தூர்ந்தது.

தப்பியவர்கள் கிராமங்களில் ஒதுங்கினார்கள். ஜின்ஜியாங்கில் சென்தாய் என்ற ஊரில் குடியேறியவர்கள் 'திங்' குடும்பத்தார். 'தீன்' என்று முடியும் முன்னோர் பெயரின் எச்சமே 'திங்' என்பது அவர்கள் மரபு. தலைமுறைகள் சென்றன. மொழி போயிற்று; மார்க்க வழக்கங்களும் பெரும்பாலும் போயின. ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. அது அவர்களுடைய வம்சாவளி ஏடு! அந்த ஏட்டையும் கல்வெட்டுகளையும் சான்றாகக் காட்டித்தான் 1979ல் ஹுய் முஸ்லிம் இனத்தவர் என்ற அரசு அங்கீகாரம் பெற்றார்கள். அதே சென்தாய் பின்னாளில் காலணித் தொழிலால் செழித்தது. 2021ல் யுனெஸ்கோ சுவான்சௌவின் 22 வரலாற்றுச் சின்னங்களை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அந்தப் பழைய பள்ளிவாசலும் அவற்றில் ஒன்று.

சகோதரர்களே! சிந்தித்துப் பாருங்கள். ஆட்சியாளரின் தயவு நிலைக்கவில்லை. துறைமுகமும் நிலைக்கவில்லை. எழுதி வைத்த ஏடு நிலைத்தது. வரவு செலவுக்குக் கணக்கேடு வைத்திருக்கிறோம். நம் பாட்டனார் எந்தக் கப்பலில் போனார், என்ன சரக்கு விற்றார் என்று எழுதிய ஏடு நம் வீட்டில் உண்டா?

இளைஞர்களே! இன்றிரவே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நாளை நம் பேரப்பிள்ளைகள் 'நாங்கள் யார்?' என்று கேட்கும்போது அந்த ஏடு பதில் சொல்லட்டும்.