கேசட்டும் பென்சிலும்

ஆறு பட்டைப் பென்சிலுக்கும் ஆடியோ கேசட்டுக்கும் என்ன உறவு? 40 வயதைத் தாண்டியவர்கள் கேட்டவுடனே சிரிப்பார்கள். டேப் ரெக்கார்டர் நாடாவைச் சிக்கலாக்கித் துப்பிவிடும். பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி, மெதுவாகச் சுற்றி, நாடாவை உள்ளே அனுப்புவோம்.

கேசட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ். நெதர்லாந்துக்காரர், பிலிப்ஸ் நிறுவனப் பொறியாளர். கோட்டுப் பைக்குள் அடங்கும் ஒரு மரக்கட்டையைத்தான் அளவுக்கு வைத்துக்கொண்டார். 1963-இல் பெர்லின் கண்காட்சியில் கேசட் அறிமுகமானது. அந்த மரக்கட்டை என்ன ஆச்சு? கார் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு முட்டுக் கொடுத்ததோடு தொலைந்துபோனதாம்!

அப்போதெல்லாம் நம் ஊரில் வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கடையில் கொடுத்துவிட்டு, பதிவாகி வரக் காத்திருப்போம். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறேழு பாட்டுதான் பிடிக்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும். பதிவு அழியாமல் இருக்க, விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவோம். மனசு மாறினால் அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டுவோம்.

ஓட்டன்ஸுக்கோ கேசட் மேல் ஏக்கமெல்லாம் இருந்ததில்லை. ஒலித்தரத்தில் சி.டி.தான் உசத்தி என்பது அவர் கட்சியாக இருந்தது.

நண்பர் ஒருவர் பெட்டி நிறைய கேசட் வைத்திருக்கிறார். போட்டுக் கேட்க டேப் ரெக்கார்டர் இல்லை. "அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"அட்டையில எழுதின பட்டியலைப் படிச்சாலே பாட்டு கேக்குதேய்யா!" என்றார்.