கோசாம்பியை எந்தத் தராசில் நிறுப்பது?

(கல்லூரி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சரித்திர ஆசிரியர் ஒருவர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். குத்தகை விவசாயிகளின் பழைய பத்திரங்களைத் தேடி நான்கு வருஷம் கிராமம் கிராமமாக அலைந்து தமிழில் ஒரு நூல் எழுதினார். பதவி உயர்வுக்கு மனுப் போட்டபோது, "இதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். நூலில் உள்ளது உண்மையா, பொய்யா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். அதற்கு டி. டி. கோசாம்பியை எடுத்துக் கொள்கிறோம்.

1907ல் கோவாவில் பிறந்து 1966ல் புனாவில் மறைந்தவர் கோசாம்பி. ஹார்வர்டில் படித்தவர். தொழில் கணிதம். ஆனால் நமக்கு அவர் சரித்திரக்காரர். 1956ல் வெளிவந்த அவருடைய இந்திய சரித்திர ஆய்வுக்கான அறிமுக நூலை நம் வகுப்புகளில் படித்திருக்கிறோம். அரசர்களின் வரிசையைத் தள்ளி வைத்து, உற்பத்தி முறையும் உற்பத்தி உறவுகளும் மாறி வந்ததே சரித்திரம் என்று காட்டிய நூல் அது.

இனி ஒரு விவசாயக் கல்லூரிக்குப் போய், நெல் ரகங்களை ஆராய்கிறவர்களைக் கேளுங்கள். அங்கே அவர் பெயர் வேறு காரியத்துக்கு வழங்குகிறது. குரோமோசோமில் இரண்டு ஜீன்களுக்கு இடையே எவ்வளவு தூரம்? ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகையில் அவை எத்தனை தடவை பிரிகின்றன என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 1919ல் தோழர் ஹால்டேன் ஒரு சூத்திரம் கொடுத்தார். ஓரிடத்தில் பிரிவு நேர்ந்தால் பக்கத்தில் இன்னொன்று நேர்வது குறையும் என்பதையும் சேர்த்து, 1944ல் கோசாம்பி இன்னொன்று கொடுத்தார். இன்றும் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. அந்தச் சூத்திரத்தைத் தினமும் எடுத்தாளுகிறவரில் எத்தனை பேருக்கு அவர் சரித்திரக்காரர் என்று தெரியும்? சரித்திரம் படிக்கும் நமக்கும் அந்தச் சூத்திரம் நெடுநாள் தெரியாதுதான்.

அதற்கு முந்திய வருஷம், 1943ல், இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மெட்ரிக்கோடு நின்ற நமக்கு அந்தக் கணிதம் எட்டாது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லக் கேட்டது இது. அதே முடிவைச் சில வருஷங்கள் கழித்து கர்ஹுனன், லோவே என்ற இருவர் ஐரோப்பாவில் தனித்தனியே கண்டார்கள். அவர்கள் திருடவில்லை. ஆனால் உலகம் அவர்கள் இருவர் பெயரையே அதற்கு வைத்தது. யுத்த காலத்தில் இந்தியாவில் அச்சான பத்திரிகையை மேல்நாட்டில் யார் புரட்டினார்கள்? மேற்கோள் எண்ணிக்கை என்பது அறிவை மட்டும் அளப்பதல்ல. எந்த நாட்டில், எந்தப் பாஷையில் அச்சிட்டாய் என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

நாணய ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். காசு கைமாறக் கைமாறத் தேய்கிறது. தட்சசீலத்தில் கிடைத்தவை போன்ற பழைய வெள்ளிக் காசுகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக நிறுத்து, எது எவ்வளவு காலம் புழங்கியது என்று கணக்கிட்டார். கணிதம் தெரியாத சரித்திரக்காரர் அதைச் செய்திருக்க முடியாது. சரித்திரத்தில் பற்றில்லாத கணித நிபுணர் செய்திருக்க மாட்டார். போதாததற்கு, பர்த்ருஹரியின் பாடல்களைச் சுவடிகளை ஒப்பிட்டு 1948ல் பதிப்பித்தார்!

அவரைப் பூஜை செய்ய நாம் வரவில்லை. 1959ல் ரீமன் கருதுகோளை நிரூபித்து விட்டதாக, விவசாயப் புள்ளியியல் பத்திரிகை ஒன்றில் எழுதினார். அது நிற்கவில்லை, பெயரும் கெட்டது. 1962ல் டாடா ஆராய்ச்சி ஸ்தாபனம் அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நம் தோழர் டாங்கேயின் நூலை 1949ல் அவர் கடுமையாகத் தாக்கி எழுதியதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தாக்குதலையும் மேற்கோள் கணக்கில் போட்டால் டாங்கேக்கு ஒரு எண் கூடும். திட்டினாலும் ஒன்று, புகழ்ந்தாலும் ஒன்று. அவ்வளவுதான் அந்தக் கணக்கின் அறிவு!

இந்தக் கணக்கை வைத்திருப்பது யார்? 1964ல் பிலடெல்பியாவில் யூஜின் கார்பீல்டு விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். எந்தக் கட்டுரை எதிலிருந்து கிளைத்தது என்று தேட அது நல்ல கருவி. இன்றும் நல்ல கருவிதான். அதன் வாரிசு இன்று கிளாரிவேட் என்ற கம்பெனியிடம் இருக்கிறது. போட்டி அட்டவணையான ஸ்கோப்பஸை 2004ல் தொடங்கியது எல்செவியர் என்ற பிரசுர முதலாளி. கட்டுரையை விற்பவனே மதிப்பெண்ணும் போடுகிறான்.

பல்கலைக்கழக மானியக் குழு கோசாம்பிக்கு 1980ல் விருது அளித்தது, இறந்து 14 வருஷத்துக்குப் பிறகு. அதே குழு 2010ல், பிரசுரத்துக்கு இத்தனை புள்ளி, பத்திரிகையின் தாக்க எண் கூடினால் புள்ளியும் கூடும் என்று விதி செய்தது. காசு வாங்கிக் கொண்டு அச்சிடும் பத்திரிகைகள் காளான்களாக முளைத்தன. 2018ல் 4,000க்கு மேற்பட்ட பத்திரிகைகளைக் குழுவே தன் பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. அந்தக் காசு ஆசிரியர்களின் சம்பளத்திலிருந்து போனது.

நம் சரித்திர ஆசிரியரின் நூல் இரண்டு பிரதிகள் விவசாயிகள் சங்க ஆபீஸில் இருக்கின்றன. வக்கீலிடம் போகும் குத்தகைதாரர்கள் அதை எடுத்துப் போவதால் அட்டை கிழிந்து விட்டது. இது எந்த அட்டவணையிலும் ஏறாது.

மகஜர் மேஜை மேல் இருக்கிறது. பதவி உயர்வுக்கு வருகிறவரின் எழுத்தைத் துறை தெரிந்த மூன்று பேர் முழுவதும் படித்து, எழுத்து மூலம் அபிப்பிராயம் சொல்ல வேண்டும்; தமிழில் எழுதியதும், துறை தாண்டி எழுதியதும் ஏற்கப்பட வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். திருத்தம் சொல்ல விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லுங்கள். பிறகு கையெழுத்துக்குப் போவோம்.