முதலில் பேரைக் கேளுங்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், விலங்கியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும் சார், உங்க தேயிலைத் தோட்ட அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார். நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்லன். வேலைக்காலம் முழுவதும் தேயிலைச் செடியோடும் புழுவோடும் பேசியவன். ஆகவே ஒரு பூச்சிக் குடும்பத்தைப் பற்றியே பேசுகிறேன். அதில் நான் செய்த ஒரு தவறும் வரும். மாணவர்கள் இருக்கிற சபையில் அதை மறைப்பது முறையல்ல.

கதை இந்தக் கல்லூரியில்தான் தொடங்குகிறது. 1979-இல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஏற்காட்டுக்கு டூர் போனோம். நல்ல வெயிலில், காபித் தோட்ட ஓரத்தில், கருநீலமாய் மினுமினுத்துக்கொண்டு ஒன்று மெதுவாகப் பறந்து வந்தது. வண்ணத்துப்பூச்சி என்று நினைத்து வலையில் பிடித்தேன். அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது பழைய காலத்துக் கில்லிங் பாட்டில்: அடியில் பொட்டாசியம் சயனைடு, மேலே பாரிஸ் சாந்து. மற்ற பூச்சிகள் உள்ளே போனதும் அடங்கிவிடும். இது மட்டும் அடங்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், காலை ஆட்டிக்கொண்டிருக்கிறது!

பாட்டில் பழுதாகிவிட்டது என்று ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் பூச்சியின் உணர்கொம்பைப் பார்த்தார். சீப்புப் பல் மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே, "பாட்டில் நல்லாத்தான்டா இருக்கு. இது வண்ணத்துப்பூச்சி இல்லை, பகல்ல பறக்கிற அந்துப்பூச்சி. சைஜீனிடே குடும்பம். இதுக்குப் போய் சயனைடு காட்டறியே, அது ஒடம்புலேயே அந்தச் சரக்கு இருக்கு" என்றார்.

எங்கள் ஊர் மரவள்ளி விளைகிற ஊர். குச்சிக்கிழங்கு என்போம். ஆடு அந்தக் காட்டில் புகுந்து இலையைத் தின்றால் வயிறு உப்பிச் செத்துப்போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீட்டிலேயே ஒரு கிடாய் அப்படிப் போனது. ஆசிரியர் சொன்னார்: "உங்க ஊர் ஆட்டைக் கொன்ன விஷமும் இந்தப் பூச்சியோட விஷமும் ஒண்ணுதான்."

அது உண்மை. மரவள்ளியில் லினாமரின், லோட்டாஸ்ட்ராலின் என்று இரண்டு பொருள்கள் உண்டு. இலையை மெல்லும்போது, தனியே இருக்கிற ஒரு நொதி இவற்றோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளியாகிறது. அதே இரண்டு பொருள்கள்தான் சைஜீனிடே பூச்சிகளின் உடம்பிலும் இருக்கின்றன. 1962-இல் மிரியம் ராத்ஸ்சைல்டு அம்மையாரும் அவரோடு சேர்ந்த இருவரும், ஐரோப்பாவில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து என எல்லாப் பருவத்திலும் நசுக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் சயனைடு வருவதை நிரூபித்தார்கள். தன் சயனைடே தன்னைக் கொல்லாதபடி, அதை வேறு பொருளாக மாற்றிவிடும் நொதியும் பூச்சியிடம் உண்டு. என் பாட்டில் தோற்றது அதனால்தான்.

மாணவர்களுக்கு ஒரு புதுச் செய்தி. ஐரோப்பாவில் ஆறு சிவப்புப் புள்ளி போட்ட ஒரு சைஜீனா பூச்சி, தான் தின்னும் பயறு வகைச் செடியிலிருந்து இந்த விஷத்தைச் சேர்த்து வைக்கிறது. போதாவிட்டால் தானே தயாரித்துக்கொள்கிறது. 2011-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அந்தத் தயாரிப்பு முறையைக் கண்டுபிடித்தார்கள். செடி எந்தப் படிகளில் செய்கிறதோ அதே படிகள்தான். ஆனால் அதற்கான மரபணுக்கள் பூச்சியில் தனியாகத் தோன்றியவை. செடியைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை, தானாகவே அதே விடையை எழுதியிருக்கிறது. தேர்வு எழுதப்போகிறவர்கள் இதை உதாரணமாகக் கொள்ளலாம்!

இவ்வளவு விஷம் வைத்திருப்பவன் ஏன் ஒளிய வேண்டும்? அதனால்தான் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று உடுத்திக்கொண்டு பட்டப்பகலில் சாவகாசமாகப் பறக்கிறது. "நான் இன்னார், தொடாதே" என்று எழுதி ஒட்டிய போர்டு அந்த நிறம். பறவைக்கு அதைப் படிக்கத் தெரியும். படித்த எனக்குத்தான் தெரியாமல் போனது.

பட்டம் வாங்கிய பின் அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உதவி மேலாளராகச் சேர்ந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். 1986-இல் ஒரு பகுதியில் புழு விழுந்தது. செங்கல் நிறம், தடித்த உடம்பு, முதுகெல்லாம் மொட்டு மொட்டாகப் புடைப்பு. தொட்டால் அந்தப் புடைப்புகளிலிருந்து தெளிந்த பிசுபிசுப்பான நீர் கசியும். தோட்டங்களில் ரெட் ஸ்லக் என்பார்கள். எடெரூசியா என்பது அறிவியல் பெயர். முற்றிய இலைகளைத் தின்று செடியை மொட்டையாக்கிவிடும். இது நம்ம ஏற்காட்டுப் பூச்சியின் பங்காளி, அதே சைஜீனிடே. ஆனால் அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. "புழு" என்று மட்டும்தான் பார்த்தேன். எண்டோசல்ஃபான் அடிக்கச் சொன்னேன். 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்த அதே மருந்துதான். அன்று அது சர்வ சாதாரணம்.

மருந்து கலக்கும்போது வயதான பெண் தொழிலாளி ஒருவர் வந்து நின்றார். பாட்டி வயது. "சாகிப், நாலு நாள் குடுங்க, பொறுக்கி எடுத்துடறோம். இது ஒளியாத புழு. கோழிகூடத் தொடாது, அதனால பயமில்லாம இலை மேலயே உட்கார்ந்திருக்கும். அந்து நிழல் மரத்து அடியில ஒட்டிக்கிட்டிருக்கும். கையாலயே எடுத்துடலாம். வேலை முடிஞ்சதும் கையைக் கழுவிட்டுத்தான் சோத்துல கை வைப்போம்" என்றார்.

நான் கேட்கவில்லை. பட்டதாரி அல்லவா! மழை வரும்போல் இருந்தும் அடிக்கச் சொன்னேன். அன்று இரவே மழை கொட்டியது. ஓடை வழியாக மருந்து கீழே தொழிலாளர் குடியிருப்புக் குளத்துக்குப் போயிற்று. காலையில் மீன் எல்லாம் வெள்ளையாய் மிதந்தது. அது அவர்கள் குஞ்சு வாங்கி விட்டு வளர்த்த மீன். அந்தப் பாட்டி கரையில் நின்று என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் சம்பளத்தில் குஞ்சு வாங்கி மறுபடி விட்டேன். ஆனால் அந்தப் பார்வைக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முறை புழு விழுந்தபோது அந்தப் பாட்டியையே முன்னால் நடக்கச் சொன்னேன். புழுவைப் பொறுக்கினோம், மடித்த இலைக்குள் கூடு கட்டியிருந்ததைப் பறித்தோம், மரத்தடியில் அந்துப்பூச்சியைப் பிடித்தோம். அந்தப் பகுதியில் அந்த வருடம் மருந்து தேவைப்படவில்லை. மருந்தே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சில சமயம் வேறு வழி இருக்காது. ஆனால் எதிரில் நிற்பவன் பேரைக் கேட்காமல் கை ஓங்கக் கூடாது.

இந்தப் பூச்சியின் உறவினர்களைப் பாருங்கள், விஷயம் புரியும். ஆமணக்கிலும் தென்னையிலும் பச்சையாக, முதுகில் முள்ளோடு ஒரு புழு இருக்குமே, பட்டால் தீயாய் எரியுமே, அது லிமகோடிடே குடும்பம், இதற்குச் சொந்தம். சரி, எல்லாமே பொல்லாத குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எபிரிக்கேனியா என்று இன்னொரு சொந்தம் உண்டு. கரும்பில் சாறு உறிஞ்சும் பைரில்லாவின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்சியே கொன்றுவிடுகிற புழு அது. கரும்பு இலையில் அதன் வெள்ளைக் கூடு நிறைய இருந்தால், மருந்து அடிக்காமல் விடுவதுதான் விவசாயிக்கு லாபம். அந்தக் கூடுகளை எடுத்துப் பைரில்லா உள்ள வேறு வயலில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. ஒரே வம்சத்தில் ஒருவன் பயிரைத் தின்கிறான், ஒருவன் பயிரைக் காக்கிறான். பேர் தெரியாதவனுக்கு இரண்டும் "பூச்சி"தான்.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் இந்தத் துறையை விட்டு வேறு வேலைக்குப் போவீர்கள். போங்கள், தப்பில்லை. எங்கே போனாலும் படிப்பு சொல்வதையும் கேளுங்கள், பக்கத்தில் நிற்கும் பாட்டி சொல்வதையும் கேளுங்கள். எனக்கு இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொன்னது. 1979-இல் ஆசிரியர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். 1986-இல் அந்த அம்மாள் தேயிலைச் செடி ஓரத்தில் நின்று சொன்னார். நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு குளத்து மீன் சாக வேண்டியிருந்தது.

நான் சேர்த்த மூன்று பெட்டிப் பூச்சிகளை இன்று துறை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் பேர், ஊர், தேதி எழுதியிருக்கிறேன். ரெட் ஸ்லக் வரிசையில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருக்கும்: "கையால் பொறுக்கியது". அது ஏன் என்று உங்கள் ஜூனியர்கள் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.